கதவடைத்த பாடத்திட்டம்

நீரிணைக்கு அப்பால் சிங்கையின் மாடங்கள் மாலை வெயிலில் பொன்பூசி நிற்க, இப்பால் பெர்மாஸ் ஜெயா என்னும் நகர்ப்புறத்தின் தெருக்கள் பணி முடிந்து மீள்வோரின் ஊர்திகளால் நெருங்கித் திணறிய வேளையில், தனியார் கல்லூரியொன்றின் மேல்மாடத்து அறையில் முனைவர் கிருஷ்ணகுமாரி, எழுந்து போகவும் இயலாமல் இருந்து ஆளவும் இயலாமல் அமர்ந்திருந்தாள், கற்றறிந்தீர்!

குடிமக்களின் துயரறிந்து உதவக் கற்பிக்கும் சமூகப்பணி முதுகலைப் படிப்பை அங்கே வகுத்தவள் அவளே. மாணவர் களப்பணிக்குச் செல்லும் சாஆ என்னும் சிற்றூரின் செம்பனைத் தோட்டங்களில் துயருற்ற பெண் தனித்து வருவதில்லை. நாத்தனாரும் அண்டை வீட்டாளும் உடன்வர, திறந்த வாசலருகே அமர்ந்துதான் வாய்திறப்பாள். அயலாரோடு கதவடைத்துப் பேசினாலோ, வெறும் வாயை மெல்லும் ஊருக்கு அவல் கிடைத்தாற்போல் ஆகிவிடும். இதனை உணர்ந்து, துணையிருக்கத் திறந்த வாசலில் பேசலாம் என அவள் எழுதிய விதியை, பட்டத்துக்கு ஏற்பளிக்கும் கடல்கடந்த பல்கலைக்கழகம் அடித்துவிட்டு, ‘மூடிய அறையில் தனித்து உரையாடாத மாணவர் தேறார்’ என மாற்றியது. மறுத்தால் ஏற்பில்லை, ஏற்பின்றேல் சேர்ந்த மாணவர் எவர்க்கும் பட்டமில்லை. ஆதலால் மனம் கசந்து இசைந்தாள். தான் கட்டிய வீட்டில் தானே சிறைப்பட்டாள்.

இப்போது எதிரே இருந்தவள், சாஆவில் பிறந்த மாணவி பேட்ரிசியா. கணவனிடம் அடிபட்டு ஆண்டுக்கணக்கில் ஊமையாய்க் கிடந்த தோட்டத்துப் பெண்ணொருத்தியைப் பேசவைத்து, பிள்ளைகளோடு காப்பகம் சேர்த்துவிட்டு, களப்பணித் தேர்வின் முடிவறிய வந்திருந்தாள்.

“பேசுறப்ப கதவ மூடுனியாம்மா?”

“இல்ல டாக்டர். பக்கத்து வீட்டு அக்காவும் கூட இருக்கட்டும்னு அவங்கதான் கேட்டாங்க. மூடியிருந்தா வாயே தொறந்திருக்க மாட்டாங்க.”

“தெரியும்மா. ஆனா ரூல்படி நீ ஃபெயில்.”

“தெரிஞ்சுமா ஃபெயில் போடுறீங்க?”

“ஒனக்கு பாஸ் போட்டா, ஒங்க பேட்ச் மொத்தத்துக்கும் டிகிரி இல்லாமப் போயிடும்.”

பேட்ரிசியா அழவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை நடந்தவள், அங்கே நின்று திரும்பினாள்.

“கதவ மூடிட்டுப் போகவா, டாக்டர்?”

அவ்வினாவில் ஏளனம் இருந்ததோ, வழக்கமான பணிவுதான் இருந்ததோ, நிமிர்ந்து நோக்கி அறியும் துணிவு கிருஷ்ணகுமாரிக்கு இல்லை; வெட்கத்தால் குனிந்த தலையை ஆமென அசைத்தாள். கதவு மூடியது. பிறர் வாய்திறக்க வழிவகுக்கப் புறப்பட்டவள், விதி வேண்டிய வண்ணமே அடைத்த அறையில் தனியளாய் இருந்து, சொல்லப் பெருந்துயர் இருந்தும் ஒரு சொல்லும் வாராமல், சாஆப் பெண்களைப் போலவே ஊமையாய்க் கிடந்தாள்.