எட்டாவது பொருள்

ஸ்டெர்கியோஸுக்கு சாமி மேல் கோபம் எதுவும் கிடையாது. எதற்கெடுத்தாலும் சாமியை இழுக்கிறவர்கள் மேல்தான் கோபம். கவாலா ஊரிலிருந்து த்ராமா ஊருக்கு இருபத்தாறு வருடமாக பஸ் ஓட்டுகிற மனிதர். "ஒரு நாளைக்கு இருநூறு பேர் ஏறி இறங்குறாங்க. கூடப் படிச்சவன் என்னைக்காவது பக்கத்து சீட்ல உக்காரத்தான் செய்வான். உக்காராமலே போனாத்தான் அதிசயம்" என்பது அவருடைய வேதம்.

அக்கா தோம்னா நேர் எதிர். ரொட்டிக் கடையில் கூட்டம் இல்லையென்றால்கூட அதற்கு ஒரு புனிதர் பொறுப்பு. கல்யாணமே ஆகாத தம்பியும் கணவனை இழந்த அக்காவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே தினமும் காபி ஆறிப்போகும்வரை சண்டை போட்டார்கள்.

அந்த ஜூன் மாதம் சண்டைக்கு உண்மையான காரணம் ஒன்று கிடைத்தது. அதன் பெயர் மெல்போ.

ஒரு மதியம், பஸ்ஸில் நாலைந்து பேர்தான். முன் சீட்டில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். மடியில் போர்வை சுற்றிய தையல் மெஷின்.

"இதுக்கும் டிக்கெட் எடுக்கணுமா?"

"மடியில உக்காந்தா அரை டிக்கெட்" என்றார் ஸ்டெர்கியோஸ். அவள் சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் ஒரு சின்ன விக்கல் வந்தது. அதைக் கேட்பதற்காகவே அவர் இன்னொரு ஜோக் சொன்னார். பிறகு இன்னொன்று. த்ராமா வந்தபோது, யார் இந்த ஊரை இவ்வளவு பக்கத்தில் நகர்த்தி வைத்தது என்று அவருக்கு எரிச்சலாக இருந்தது. ஐம்பத்தோரு வயதில் முதல் தடவையாக, வண்டியை விட்டு இறங்கி மெஷினைத் தூக்கிக் கொடுத்தார்.

அவள் டிக்கெட்டின் பின்னால் போன் நம்பரை எழுதி நீட்டினாள். "என் பேரு மெல்போ. நமக்கு ஊர் நெயோகோரி. வந்தா மெஷின் ரிப்பேர் கடை எதுன்னு கேளுங்க, யார் வேணா காட்டுவாங்க."

ஸ்டெர்கியோஸ் டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்தார். மறுநாள் காலை தோம்னா அந்தச் சட்டையைத் துவைத்தாள். துவைக்கிற மெஷினுக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு காகித உருண்டை வந்தது. அதில் ஒரு ஆறும் பாதி ஒன்பதும் மட்டும் உயிரோடு இருந்தன.

ஊர் பெயர்தான் தெரியுமே என்பீர்கள். அங்கேதான் வினை. நெயோகோரி என்றால் புதூர்; நாட்டில் மூலைக்கு ஒரு நெயோகோரி உண்டு. ஆனால் ஒவ்வொரு நெயோகோரிக்காரருக்கும் உலகத்தில் தங்கள் ஊர் ஒன்றுதான் நெயோகோரி. எந்த நெயோகோரி என்று கேட்டால் முறைப்பார்கள். கேட்காமல் விடுவதுதான் வழக்கம். ஸ்டெர்கியோஸும் கேட்காமல் விட்டார்.

அவர் முறைப்படி தேடலில் இறங்கினார். வரைபடத்தை விரித்து ஒரு நோட்டில் நெயோகோரிகளை வரிசையாக எழுதினார். முப்பதுக்கு மேல் எழுதியதும் கை வலித்தது. வாரத்தில் திங்கட்கிழமை லீவு. வாரம் ஒரு நெயோகோரியின் காபிக் கடைக்குப் போன் செய்வதற்கு மேல் அவருடைய வெட்கம் இடம் கொடுக்கவில்லை. ஏனென்றால் கடைக்காரர் போனைக் கையில் வைத்துக்கொண்டே விஷயத்தைக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவிப்பார். "எங்க ஊர்ல மெல்போ இல்லண்ணே. கலியோப்பின்னு ஒருத்தங்க இருக்காங்க, பரவால்லையா?" என்று ஒருவர் கேட்டார். பின்னால் பத்துப் பேர் சிரித்தார்கள்.

பதினோரு திங்கட்கிழமைகள் போயின. ஸ்டெர்கியோஸ் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். பஸ்ஸில் ஜோக் சொல்வதை நிறுத்தினார். தோம்னாவுக்கு அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை.

"தப்பு என்மேலடா. ஃபனூரியோஸுக்கு கேக் போட்டுடறேன்."

தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பது புனித ஃபனூரியோஸின் வேலை. ஆகஸ்ட் இருபத்தேழு அவர் நாள். முந்தின நாள் சாயங்காலமே கோயிலில் கேக்குகள் வரிசைகட்டும். முட்டை, வெண்ணெய் கூடாது. பொருள்கள் ஏழு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்பது. இரட்டைப்படையில் போட்டால் செல்லாது. இதில் தோம்னா போலீஸைவிடக் கண்டிப்பு. மாவு, சர்க்கரை, ஆலிவ் எண்ணெய், ஆரஞ்சுச் சாறு, சோடா, பட்டை, உலர்திராட்சை. விரல் விட்டு எண்ணி, கலக்கி வைத்துவிட்டு, தட்டு இரவல் வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

ஸ்டெர்கியோஸ் அலமாரியைத் திறந்தார். பிராந்தி பாட்டிலை எடுத்து ஒரு மூடி ஊற்றினார். மாவில் விட்டுக் கலக்கினார். எட்டு.

கெட்ட எண்ணம் இல்லை, பரிசோதனைதான். செல்லாத கேக்குக்கும் செல்லுகிற கேக்குக்கும் ஒரே பலன்தான் என்று ஒருநாள் அக்காவிடம் சொல்லிக் காட்ட வேண்டும், அவ்வளவே. ஆனால் சாயங்காலம் கோயிலில் பாதிரியார் கேக்குகள் மேல் மந்திரம் சொன்னபோது அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒருவேளை அக்கா சொல்வது நிஜமாக இருந்தால்? தன் தலையில் தானே ஒரு மூடி மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டோமே என்று தோன்றியது. தோன்றியதற்காகத் தன் மேலேயே கோபமும் வந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் தோம்னா மிச்சத் துண்டுகளைத் தட்டில் வைத்து பஸ்ஸுக்கே கொண்டுவந்து கொடுத்தாள்.

"தெரியாதவங்களுக்குக் குடுக்கணும். புனிதரோட அம்மா பாவம் பண்ணினவங்க; சாப்பிடறவங்க அவங்க ஆத்மாவுக்காக ஒரு வார்த்தை சொல்லணும். என்ன தொலைஞ்சுதுன்னு யாராச்சும் கேட்டா மறைக்கக் கூடாது. கேட்டுதா?"

"கேட்டுது, கேட்டுது. வண்டி எடுக்கணும், நகரு."

பயணிகள் எடுத்துக்கொண்டார்கள். "அவங்கம்மாவை ஆண்டவன் மன்னிக்கட்டும்" என்று ஆளாளுக்கு முணுமுணுத்துவிட்டு மென்றார்கள். முன் சீட்டில், மெல்போ உட்கார்ந்த அதே சீட்டில், கத்தரிக்காய்க் கூடையோடு ஒரு பருத்த அம்மாள். பெயர் சுல்தானா என்று யாரும் கேட்காமலே சொல்லியிருந்தாள். மகளைப் பார்க்க த்ராமாவுக்குப் போகிறாளாம். விடியும்போதே கிளம்பி இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாளாம்.

"கேக் நல்லா இருக்கு தம்பி. என்ன தொலைச்சீங்க?"

ஸ்டெர்கியோஸின் காது சிவந்தது. "சாவி."

"சாவியா? அப்ப இந்த வண்டி எப்படி ஓடுது, தள்ளியா விட்டாங்க?"

பின்னால் சிரித்தார்கள். கழுத்துப்பட்டை கட்டிய ஒரு வக்கீல் மட்டும் சிரிக்காமல் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நீங்களும் எங்க ஊர்க்காரி மாதிரிதான்" என்றாள் சுல்தானா. "நேத்து கோயிலுக்கு கேக் கொண்டாந்தா ஒருத்தி. என்னடி தொலைஞ்சுதுன்னேன். கண்ணாடியாம். கண்ணாடி அவ மூக்கு மேலயே உக்காந்து என்னைப் பாக்குது!"

ஸ்டெர்கியோஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நல்ல பொண்ணுதான். இந்த ஞாயித்துக்கிழமை கடையைப் பூட்டிட்டு ஜெர்மனிக்குத் தம்பி வீட்டோட போறா. இனிமே மெஷின் கெட்டுச்சுன்னா நான் யார்கிட்ட போறது?"

"என்ன மெஷின்?"

"தையல் மெஷின்."

வண்டி சாலையோரம் நின்றுவிட்டது. கத்தரிக்காய்கள் உருண்டு வக்கீலின் காலடிக்குப் போயின.

"அம்மா, உங்க ஊர் எது?"

"நெயோகோரி."

"எந்த நெயோகோரி?"

சுல்தானா முறைத்தாள். "ஏன், எத்தனை நெயோகோரி இருக்கு?"

ஸ்டெர்கியோஸ் எழுந்து பயணிகளைப் பார்த்துத் திரும்பி நின்றார். இருபத்தாறு வருடத்தில் அவர் அப்படி நின்றதே இல்லை. "சாவி இல்ல. நான் தொலைச்சது ஒரு பொண்ணோட நம்பர்" என்று ஆரம்பித்தவர், சட்டை, காகித உருண்டை, பதினோரு காபிக் கடை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்.

"எனக்குப் பத்தரைக்கு கோர்ட்ல கேஸ்" என்றார் வக்கீல். எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் காலடியிலிருந்து ஒரு கத்தரிக்காயை எடுத்துத் துடைத்தார். "ஜட்ஜ் எப்பவும் லேட்டாத்தான் வருவார். போன் போடுங்கம்மா."

சுல்தானா போன் போட்டாள். "அடியே, உன் கண்ணாடி கிடைச்சிருச்சுன்னு நினைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு போனை நீட்டினாள்.

"ஹலோ... நான் பஸ் டிரைவர்."

அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது. பிறகு, "மூணு மாசமா உங்க ஊர்ல போன் வேலை செய்யலையா?"

"டிக்கெட்டை அக்கா துவைச்சுட்டாங்க."

"பஸ் ஸ்டாண்டுக்கு நூறு தடவை போன் பண்ணியிருப்பேன், தெரியுமா? யாராவது எடுக்கறதுக்குள்ள வெச்சுடுவேன். நம்பர் குடுத்தவ நான். அதுக்கு மேல என்ன பண்ணுவா ஒருத்தி?"

"உங்களுக்கு என்ன தொலைஞ்சுது?" என்று கேட்டார் ஸ்டெர்கியோஸ்.

"கண்ணாடி."

"எனக்கு சாவி."

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. கடைசியில் விக்கல் வந்தது. ஸ்டெர்கியோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை போகாதீங்க. இன்னைக்கு சாயங்காலமே வர்றேன்" என்றார். பஸ் முழுக்கக் கைதட்டியது.

த்ராமாவில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் நோட்டைத் திறந்து பார்த்தார். பன்னிரண்டாவது வரியில் சுல்தானாவின் நெயோகோரிதான் இருந்தது. வருகிற திங்கட்கிழமை கூப்பிட்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை அவள் போயிருப்பாள். ஒரே ஒரு நாள். அவர் பஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் தோம்னாவும் கூட வந்தாள்; வராமல் இருப்பாளா? மெல்போவின் கடையில், பாதி கட்டிய பெட்டிகளுக்கு நடுவில், மூவரும் மெல்போ போட்ட கேக்கைச் சாப்பிட்டார்கள். தோம்னா நாலாவது தடவையாகச் சிலுவை போட்டுக்கொண்டு, "இப்பவாவது ஒத்துக்கோடா" என்றாள்.

அப்போது ஸ்டெர்கியோஸ் உண்மையைச் சொன்னார். "உன் கேக்ல நான் ஒரு மூடி பிராந்தி ஊத்திட்டேன்க்கா. எட்டுப் பொருள். உன் கணக்குப்படி செல்லாது. ஆனா அவ கிடைச்சுட்டா. அப்ப இது தற்செயல்தானே?"

தோம்னாவின் முகம் வெளுத்தது. அடிக்கக் கையை ஓங்கியவள், வேறொரு வீட்டில் இருக்கிறோம் என்று நினைவு வந்து இறக்கிக்கொண்டாள்.

மெல்போ தட்டைப் பார்த்தாள். "நானும் ஒண்ணு சொல்லணும்" என்றாள் மெதுவாக. "பட்டை தீர்ந்துபோச்சு. கடையும் மூடிட்டாங்க. என்னோடதுல ஆறுதான்."

தோம்னா விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். எட்டும் ஆறும் பதினாலு. அவள் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"ஆளுக்கு ஏழு!" என்று கத்தினாள்.

மெல்போ விக்கல் வரும்வரை சிரித்தாள். ஸ்டெர்கியோஸ் இன்னொரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டார்.

மெல்போ ஜெர்மனிக்குப் போகவில்லை. நவம்பரில் கல்யாணம்; வக்கீல்கூட வந்திருந்தார். அடுத்த ஆகஸ்டில் எதுவும் தொலையவில்லை, இருந்தும் நன்றிக்காகக் கேக் போட்டார்கள். எல்லாம் தற்செயல் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த ஸ்டெர்கியோஸ், இரண்டு பெண்களும் அந்தப் பக்கம் போனதும் மேஜையருகே வந்து பொருள்களை எண்ணினார். ஏழு. பிராந்தி பாட்டிலை அலமாரியின் மேல்தட்டில் பின்னால் தள்ளி வைத்தார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, இன்னொரு தடவை எண்ணினார்.