பாட்டில் சேராத அதிர்வு

அந்தக் கார் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். பாட்டுக்கு முன்னால் நம்பர் பிளேட்டின் சத்தம் வரும். அதன் பின்னால் டிக்கி மூடி, ஜாக்கி, ஸ்பேனர் எல்லாம் கூட்டுச் சேர்ந்துகொள்ளும். "காரு வருதா, பாத்திரக் கடை வருதா?" என்று எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டே விட்டார். ஓட்டுநர் சிரித்து மழுப்பினார். அவர் நகரப் பேருந்து ஓட்டுபவர். ஐம்பதை நெருங்கும் வயதில், இளவட்டங்களைப் போல டிக்கி நிறைய ஸ்பீக்கர் பெட்டி எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் காரணம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

காரணம் அவர் மனைவி. தையல்காரி. மூன்று வருடங்களுக்கு முன் மூளைக்காய்ச்சல் வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். உயிர் தங்கியது, இரண்டு காதும் போய்விட்டன. கருவி வைத்தாலும் பயனில்லை என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார்.

அதற்கு முன்பெல்லாம் அவள் இருக்கும் இடத்தில் பாட்டு இருக்கும். மெஷினை மிதித்துக்கொண்டே பாடுவாள். காரில் ஏறினால் டாஷ்போர்டில் தாளம் போட்டுக்கொண்டு, பாடகிக்கும் முந்திக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுவாள். காது போனபின் பேச்சே சுருங்கிவிட்டது. ஒருநாள் பொத்தான் கடையில் தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று தெரியாமல் பேசியதில், கடையே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து வார்த்தையை அளந்து அளந்துதான் விடுவாள். ஓட்டுநருக்கு அந்த அமைதி பழகவே இல்லை. சண்டை போட்டாலாவது தேவலை என்றிருக்கும். ஆனால் முகத்துக்கு நேரே நின்று, உதட்டசைவு புரியும்படி நிறுத்தி நிறுத்திச் சண்டை போட்டால் பாதியிலேயே கோபம் ஆறிப்போகிறது.

ஒரு மத்தியானம் சிக்னலில் பேருந்துக்குப் பக்கத்தில் வந்து நின்ற காரிலிருந்து ஒரு மத்தள அடி, அவருடைய இருக்கை வழியாக முதுகில் ஏறியது. காதைப் பொத்திக்கொண்டு பார்த்தார். அப்போதும் ஏறியது. அடுத்த வாரமே தன் பழைய காரில் ஸ்பீக்கர் பெட்டியை ஏற்றிவிட்டார்.

முதல் நாள் பாட்டைப் போட்டதும் தையல்காரி உள்ளங்கையைக் கதவில் வைத்தாள். முகம் ஒரு கணம் மலர்ந்தது, அப்புறம் சுருங்கியது. கையை எடுத்துவிட்டாள்.

"மெஷின்ல பாபின் லூசா இருந்தா இப்படித்தாங்க அதிரும். எது தாளம், எது தகரம்னு பிரிக்க முடியல" என்றாள்.

அப்படித்தான் அவர்கள் டமாரத்தின் பட்டறைக்குப் போனார்கள். கார்களுக்கு ஆடியோ பொருத்துபவருக்கு ஊர் வைத்த பெயர் அது. இருபது வருடம் சத்தத்துக்குள்ளேயே இருந்து அவருக்கும் காது கொஞ்சம் மந்தம். அதனால் வாயை அகலத் திறந்து, ஊருக்கே கேட்கும்படி பேசுவார். தையல்காரிக்கு அது வசதியாகப் போயிற்று. வெளியாட்களில் அவர் பேசியதுதான் அவளுக்கு ஒரு சொல் தவறாமல் புரிந்தது.

ஒவ்வொரு தகட்டுக்கும் ஆடுவதற்கென்று ஒரு சுரம் இருக்கிறது, அது வரும்வரை பூனை மாதிரி இருக்கும், வந்ததும் குதிக்கும் என்று டமாரம் விளக்கினார். பாட்டுக்குப் பதில் ஒரே ஒரு ஒலியை, அடியிலிருந்து மெல்ல மெல்ல மேலே ஏறும்படி ஓடவிட்டார். முதலில் நம்பர் பிளேட் குதித்தது. அதன் பின்னால் ரப்பர் வைத்து இறுக்கினார். கொஞ்சம் மேலே போனதும் ஜாக்கி. அதைத் துணியில் சுற்றி அதன் இடத்தில் கட்டினார். பிறகு டிக்கி மூடி, பின்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகை. ஸ்பீக்கர் பெட்டியே சரியாக முடுக்கப்படாமல் தன் பங்குக்கு ஆடிக்கொண்டிருந்தது. "வேலியே பயிரை மேயுது பாருங்க" என்று அதைத் தட்டினார்.

கதவுகளைப் பிரித்து, உள்தகட்டைத் துடைத்து, அதிர்வை அடக்கும் பசையுள்ள கறுப்புத் தகடுகளை ஒட்டி உருளையால் அழுத்தினார். கதவு முழுக்க ஒட்டாமல் நடுவில் மட்டும் ஒட்டுவதைப் பார்த்து, மிச்சம் பிடிக்கிறாரோ என்று ஓட்டுநருக்குச் சந்தேகம். வயிற்றைப் பிடித்தால் உடம்பே ஆடாது என்றார் டமாரம். கீழே மழைத்தண்ணீர் வடியும் ஓட்டைகளை மட்டும் அடைக்காமல் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்தது. பாட்டைப் போட்டார்கள். ஓட்டுநரின் காதுக்குச் சுத்தமாக இருந்தது. தையல்காரி கையை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு."

ஒன்றுமில்லை, மனப்பிரமை என்று டமாரம் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்பதாக இல்லை. முன்சீட்டில் முழங்காலிட்டு, துணியில் தையல் தேடுவதுபோல உள்ளங்கையால் கூரை, கண்ணாடி ஓரம், சீட் பெல்ட் தொங்கும் தூண் என்று தடவிக்கொண்டே வந்தாள். தூணில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடினாள். விரலால் ஓரிடத்தைத் தொட்டாள். டமாரம் மனமில்லாமல்தான் அந்த மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு ஒயரின் முனை, பிடிப்பு உடைந்து, ஒவ்வொரு அடிக்கும் இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தது.

டமாரம் அதை விரலால் ஆட்டிப் பார்த்தார். பிறகு பஞ்சுப் பட்டை சுற்றி ஒயரைக் கட்டினார். "அக்கா, தையலை விட்டுட்டு இங்க வந்துடுங்க" என்றார்.

திரும்பும் வழியில் ஓட்டுநர் ஊருக்கு வெளியே போகும் சாலையில் காரைத் திருப்பினார். அவர்கள் முன்பெல்லாம் சேர்ந்து கேட்ட பழைய பாட்டு ஒன்றைப் போட்டார். என்ன பாட்டு என்று சொல்லவில்லை. நான்கு அடி ஓடி, மத்தளம் ஓரிடத்தில் நின்று, மறுபடி பிடித்தது. அந்த இடைவெளியில் தையல்காரி சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். கண்டுபிடித்துவிட்டாள். உதடு மட்டும் வரிகளைச் சொல்லிக்கொண்டு வந்தது. அவர் காத்திருந்தார். குரல் வரவில்லை.

பாட்டு முடிந்ததும் அவள் கேட்டாள்: "உங்க குரல இதுல போட முடியுமா?"

அவர் வண்டியை ஓரம் கட்டி போனை எடுத்தார். பேசச் சொன்னதும் பேச ஒன்றும் இல்லாமல் போனது. இருபத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தியவருக்கு வாய்க்கு வந்தது ஒன்றுதான். "சாப்பிட்டியா?" என்று பதிவு செய்து, சத்தத்தை முழுக்க வைத்து ஓடவிட்டார். அவள் இரண்டு கையையும் கதவில் வைத்திருந்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். மூன்றாவது தடவையும் கேட்டாள்.

"இது நீங்க இல்லங்க" என்றாள் கடைசியில். "யாரோ வந்து கதவத் தட்டுற மாதிரி இருக்கு. அவ்வளவுதான்."

ஓட்டுநர் முன்னால் இருந்த சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"உங்க குரல் மனசுல இருக்குன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். போன மாசம் தேடிப் பாத்தேன். பாட்டெல்லாம் இருக்கு. எங்க அம்மா குரல்கூட இருக்கு. உங்களது மட்டும் வரல. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"நான் இங்கதானே இருக்கேன்" என்று, உதடு நன்றாகத் தெரியும்படி, அவர் மெதுவாகச் சொன்னார். "தெரியுது" என்று அவள் சொன்னாள்.

அவருக்கு விடுமுறை வரும் நாட்களில் அந்தச் சாலையில் போவது வழக்கமாயிற்று. ஐந்தாறு வாரம் கழித்து, வெயில் தாழ்ந்த ஒரு மாலையில், அவர் எதிர்பாராத ஓர் இடத்தில் அவள் பாட ஆரம்பித்தாள். தாளம் ஒரு இம்மி பிசகவில்லை. மத்தளத்தோடு கைகோத்துக்கொண்டு போனது. சுரம்தான் எங்கெங்கோ போய்விட்டது. ஏற வேண்டிய இடத்தில் இறங்கியது; குரல் தடித்து, அவருக்குத் தெரியாத யாரோ ஒருத்தியின் குரல்போல இருந்தது. மூன்று வருடமாக அவர் ஏங்கிக் காத்திருந்த குரல் இது இல்லை. அது இனி வராது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"நல்லா இருக்கா?" என்று பாட்டின் நடுவில் கேட்டாள்.

அவர் முகத்தைத் திருப்பி, அவள் படிக்கும்படி, "பாடு" என்றார். பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டார். அவள் பாடினாள். வீட்டுக்குப் போகும் திருப்பம் வந்தது. அவர் திரும்பாமல் நேராகவே ஓட்டினார்.