ஏற்கப்பட்ட வருத்தம்

எங்கள் குடியிருப்பு அலுவலகத்தில் வருத்தங்களை ஆங்கிலத்தில் மட்டும்தான் வாங்குகிறார்கள். ஒருவருக்கு ஒரு படிவம். பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தால் நடந்தது நடக்காததாகிவிடும். ஒரு பிழை இருந்தாலும் படிவம் செல்லாது. மறுபடியும் எழுத முடியாது.

கடலோரத்தில் அணு உலை கட்ட வந்த ரஷ்யர்கள் இங்கே நிறைய. அவர்களுக்கு ஆங்கிலம் வராது. அதனால் எனக்கு வேலை இருக்கிறது. பதினான்காம் அறையில், விருப்பத்தையும் வருத்தத்தையும் ஆங்கிலத்தில் சொல்வது எப்படி என்று பாடம் எடுக்கிறேன். வேறு எதுவும் எடுப்பதில்லை.

நல்ல வாத்தியார் என்று பெயர். அதுதான் தொல்லை. நன்றாகப் படித்தவர்கள் மறுநாள் வருவதில்லை. ஃபியோதர் தன் நாயை விற்றதற்கு வருந்தி எழுதினார். ஏற்றுக்கொண்டார்கள். நாயோடு ஊரிலேயே தங்கிவிட்ட மனிதர் இங்கே எப்படி வருவார்? அவர் உட்கார்ந்த நாற்காலியும் இல்லை.

ஏப்ரலில் இருபது பேர். கடைசியில் கலீனா மட்டும் மிஞ்சினார். மீன் சந்தையில் தமிழ் கற்றவர்.

"சார், இன்னைக்கு ஃபாரம் குடுக்கேன்."

"என்ன எழுதிருக்கீங்க?"

"அம்மா ஃபோன் பண்ணாங்க. நான் எடுக்கல. எடுத்திருக்கணும்."

"சரியா இருக்கு."

"நீங்க எப்போ எழுதுவீங்க?"

"யோசிச்சிட்டு இருக்கேன்."

என் மனைவி தங்கபுஷ்பம் மூன்று மாதமாக அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். அவள் திரும்பி வரவேண்டும். எதற்கு வருந்தினால் வருவாள் என்றுதான் தெரியவில்லை. எட்டு வருடத்தில் நான் அவளிடம் கோபமாகப் பேசியதில்லை. சரியாகச் சொன்னால், பேசியதே குறைவு. படிவத்தில் ஒரு நிகழ்ச்சியைத்தான் எழுதலாம். நான் செய்யாமல் விட்டவை எவையும் நிகழ்ச்சிகளாக இல்லை.

கிளம்பும் முன் ரஷ்யர்கள் ஒரு நிமிடம் பேசாமல் உட்காருவார்கள். கலீனா உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். அந்த நிமிடம் புதன்கிழமை வரை நீண்டது. பிறகு அவரும் போய்விட்டார்.

அதன்பின் வராந்தா வளர ஆரம்பித்தது. அலுவலகம் முன்பு நாற்பது அடி தூரத்தில் இருந்தது. இப்போது போய்வர மதியச் சாப்பாடு கட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவு தூரத்தையும் நடந்து குமாஸ்தா சங்கரவடிவு என்னைத் தேடி வந்தாள்.

"சார், ஒரு ஃபாரம் பாத்துக் குடுங்க."

"எங்கிட்ட படிக்கிறவங்க யாரும் இல்லையே."

"தபால்ல வந்துது. உங்க கையெழுத்து இல்லாம ஏத்துக்க முடியாதுல்லா."

எழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தங்கபுஷ்பம். அவளுக்கு நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்ததில்லை. வீட்டில் சத்தமாகப் படித்துப் பாடம் தயாரிப்பேன். சமையலறையிலிருந்து கேட்டிருக்கிறாள்.

தன்னைப் பெண் பார்க்க வந்த அன்று தான் காப்பித் தட்டோடு வெளியே வந்திருக்கக் கூடாது என்று எழுதியிருந்தாள். அவ்வளவுதான். என் பெயர்கூட இல்லை.

ஒரு சொல் விட்டுப்போயிருந்தது.

"தப்பு இருக்கா சார்?"

ஆமாம் என்றால் போதும். அவள் என் மனைவியாகவே இருப்பாள். கடைசிவரை அம்மா வீட்டில் இருந்தாலும் என் மனைவிதான். எனக்கு அது வேண்டும் என்று இருந்தது. வெட்கமில்லாமல் வேண்டும் என்று இருந்தது.

"சார், மணி ஆவுது."

எட்டு வருடத்தில் அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. இதுதான் முதல் தடவை.

சங்கரவடிவு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். விட்டுப்போன சொல்லை தங்கபுஷ்பத்தின் சாய்ந்த எழுத்திலேயே எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.

"தப்பில்ல. நல்லா எழுதிருக்கா."

முத்திரை விழுந்தது.

நான் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் அம்மா. தாம்பாளத்தில் பூவும் பழமும். எல்லோரும் சமையலறை வாசலில் தொங்கிய பூப்போட்ட திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது அசையவில்லை. வெகுநேரம் கழித்துப் பெண்ணின் அப்பாவே தட்டை எடுத்துவந்தார்.

"பிள்ளைக்கு இஷ்டமில்லையாம். தப்பா நினைக்காதீங்க. காப்பி குடிச்சிட்டுப் போங்க."

"அதுக்கென்ன," என்றாள் அம்மா.

திரைக்குப் பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. காப்பி தீர்ந்தால் கிளம்ப வேண்டும். நான் மெதுவாகக் குடித்தேன்.