மெழுகு பிடித்து வைத்தது

“கண்ணுக்கே தெரியாத விஷத்தை எப்படிம்மா அளப்ப? நீ தேடறப்ப அது ஒளிஞ்சுக்கிட்டா?”

மகள் ஐந்து வயதில் கேட்ட கேள்வி. தலை பின்னிவிடும் அவசரத்தில், “அதெல்லாம் ஒளியாதுடி, ஆடாம உக்காரு” என்று சொல்லி வைத்தாள் அம்மா.

எலிமருந்துத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை. மருந்துக் கட்டியைத் தூளாக்கி, கரைப்பானில் குலுக்கி, வடிகட்டி, அளக்கும் கருவிக்குள் செலுத்துவாள். திரையில் மலைபோல் ஒரு கோடு எழும். மலை பெரிதானால் விஷம் அதிகம். இந்த வாரம் எழுந்தது வெறும் குன்று. இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது.

“பாதியை வெளிய வித்துட்டான். நாளைக்கே ஆளை வேலைய விட்டு அனுப்பிடறேன்” என்றார் மேனேஜர்.

அவர் சொன்னது கலவை போடுபவரைப் பற்றி. விரல்களில் சாயம் ஊறிப்போனதால் எல்லோருக்கும் அவர் நீலக்கை அண்ணன். அவள் பிள்ளைத்தாச்சியாக இருந்த மாதங்களில், கனமான கரைப்பான் கேன்கள் காலையில் அவள் வருவதற்கு முன்பே மாடிக்கு வந்திருக்கும். கேன்களின் பிடியில் நீலக் கறை. நன்றி சொல்லப் போனால், “எந்தக் கேனும்மா?” என்பார்.

இன்று அவரை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். மதிய இடைவேளையில் அவள் போனாள்.

“என்னம்மா, உன் மெஷினு என்னைத் திருடன்னு சொல்லிடுச்சாமே?”

“அது யாரையும் சொல்லாதுண்ணே. எவ்வளவு இருக்குன்னு மட்டும்தான் சொல்லும்.”

“அப்ப மீதி எங்க போச்சுன்னும் அதையே கேளேன்” என்று சிரித்தார். மடியிலிருந்த சாப்பாட்டு டப்பாவை அவர் திறக்கவே இல்லை.

திரும்பி வந்து கட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நல்ல அடர்நீலம். விஷம் சாயத்தோடு கலந்தேதான் தொழிற்சாலைக்கு வரும். பாதியை எடுத்திருந்தால் நிறமும் வெளுத்திருக்க வேண்டுமே? விஷம் கட்டிக்குள் போனது உண்மையென்றால், சோதனையில் ஏன் வெளியே வரவில்லை?

போன மாதம்வரை மருந்து உதிரித் தானியமாக இருந்தது. ஈரத்தில் கெடாமலிருக்க இப்போது மெழுகு சேர்த்துக் கட்டியாக்குகிறார்கள். சோதனை மட்டும் பழைய முறையிலேயே நடந்தது. மகளின் கேள்வி அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மாலையில் எல்லோரும் கிளம்பியதும், விஷம் சேராத மெழுகுக் கட்டி ஒன்றை உருக்கி, தன் கையாலேயே விஷத்தை அளந்து விட்டாள். உறைந்ததும் பழைய முறையில் சோதித்தாள். அவள் அளந்து விட்டதிலேயே பாதியைக் காணவில்லை. மனதுக்குள் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டாள்.

அடுத்து, நீலக்கை அண்ணன் கலந்த கட்டியின் தூளைக் கரைப்பானோடு சேர்த்து வெந்நீர்த் தொட்டியில் வைத்தாள். மெழுகு இளகியது. நன்றாகக் குலுக்கி, ஆறவிட்டு, உறைந்த மெழுகை வடிகட்டி நீக்கிவிட்டு, கரைசலைக் கருவிக்குள் செலுத்தினாள். கோடு ஏறியது, ஏறிக்கொண்டே போனது. முழு மலை.

“ஓ, சோதனைலதான் கோளாறா?” மறுநாள் மேனேஜர் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “சரி, உள்ள வரச் சொல்லுங்க.”

“அவர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா…”

“வேலையைத் திருப்பிக் குடுத்தாச்சுல்ல? அப்புறம் என்ன வார்த்தை?”

வெளியிலிருந்து யாரோ பெரிய ஆபீசர் வந்து சரிபார்த்ததாகக் கலவைப் பகுதியில் பேசிக்கொண்டார்கள். அவள் மறுக்கவில்லை.

சாயங்காலம் ஷிப்டு முடிந்து கும்பல் வாசலைக் கடந்தது. அவள் மாடி ஜன்னலில் நின்றாள். காவலாளி ஒவ்வொருவரையும் போகவிட்டு, நீலக்கையை மட்டும் ஓரமாக நிறுத்தினான். அவன் கேட்பதற்கு முன்பே அவர் சட்டைப்பையை வெளியே இழுத்துவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார்.