ஆறாம் வரிசை, மூன்றாம் இடம்

நகரத்தின் நடுவில் இருந்த அந்த மண்டபத்துக்கு வயது நூற்றிருபது. அது போடாத வேஷமில்லை. நடனம், மல்யுத்தம், பரீட்சை, ஓட்டு எண்ணிக்கை, நாய்க் கண்காட்சிகூட அங்கே நடந்தது. கடைசி இருபத்தெட்டு வருஷமாக, எது நடந்தாலும் நாற்காலி போட்டவர் ஒருவர்தான். வரிசைக்காரர் என்றே அவருக்குப் பெயர். கயிறு பிடிக்காமலே கோணல் இல்லாமல் போடுவார். அந்தப் பெருமையும் அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

தொற்றுநோய் வந்த வருஷம் மண்டபம் ஆஸ்பத்திரியானது. அவருடைய மனைவியை அங்கேதான் சேர்த்தார்கள். தினமும் தான் திறந்து பூட்டிய கதவுக்கு வெளியே அவரை நிறுத்திவிட்டார்கள். "நாப்பத்திமூணாம் பெட்டு. நல்லா இருக்காங்க" என்று ஒரு நர்ஸ் போனில் சொன்னாள். ஐந்தாம் நாள் அதே நர்ஸ் அதே நம்பரைச் சொன்னாள், மீதியை வேறு மாதிரி சொன்னாள். அடக்கத்தையும் அவர்களே முடித்துவிட்டார்கள். எங்கே என்று கேட்டால், ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டியது.

மண்டபம் மறுபடி திறந்தபோது தரை முழுக்கக் கம்பளம் ஒட்டியிருந்தது. கட்டில்கள் கிடந்த விதத்தைச் செய்தித்தாள் படத்தில் பார்த்திருந்தார்: வரிசைக்கு எட்டு, மொத்தம் பன்னிரண்டு வரிசை. இந்தக் கணக்கெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மேடையிலிருந்து நாற்பத்து மூன்று வரை எண்ணினார். ஆறாம் வரிசை, மூன்றாம் இடம். அன்றிலிருந்து எந்த விழாவிலும் அந்த இடத்தில் விழும் நாற்காலியில் 'ஒதுக்கப்பட்டது' என்று அட்டை தொங்கும். அமைச்சர் கேட்டாலும் கிடைக்காது. கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, மகள் சமைத்தது, குழாய் ஒழுகுவது, எல்லாம் சொல்வார். ஆறு வருஷம் இப்படித்தான். அவருக்கு வேறு கல்லறை ஏது?

இப்போது மண்டபத்தைக் கார் விற்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். மரத்தரை கார் எடையைத் தாங்காதாம், பெயர்த்துவிட்டு ஓடு பதிக்க வேண்டுமாம். யாரிடமும் எதற்கும் கெஞ்சாத மனிதர் இன்ஜினியரிடம் போய் நின்றார்.

"ஒரே ஒரு பலகை சார். வேற எதுவும் வேணாம்."

"தாராளமா எடுத்துக்கங்க. ஆனா சீக்கிரம் வாங்க, வாசப் பக்கம் ஆரம்பிச்சுட்டாங்க."

மறுநாள் காலை மகளையும் கூட்டிப்போனார். அவள் அம்மா படத்துக்குக் கீழே பலகைக்கு இடம் ஒழித்து வைத்திருந்தாள். தூசிக்குப் பயந்து வெளியே நின்றாள்.

உள்ளே பாதித் தரை போயிருந்தது. பெயர்த்ததையெல்லாம் முந்தின நாளே லாரி விறகுக்கு அள்ளிப் போய்விட்டது. மிச்சப் பாதியின் விளிம்பில்தான் அவருடைய இடம். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது அவருக்கு. தரை பெயர்க்க வந்திருந்த தச்சர் கம்பளத்தைக் கிழித்து மேடை வரைக்கும் சுருட்டினார். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒட்டிய நம்பர் சீட்டுகள் மரத்தில் அப்படியே இருந்தன.

அவருடைய பலகையில் ஐம்பத்து நான்கு என்று இருந்தது.

திரும்பத் திரும்பப் பார்த்தார். மேடையடியில் தொண்ணூற்றாறு. நோயாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு மேடை எதற்கு? வாசலிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணியிருக்கிறார்கள். உலகமே மேடையிலிருந்துதான் தொடங்குகிறது என்ற கிறுக்கு, நாற்காலி போடுகிறவனுக்குத்தான் வரும். நாற்பத்து மூன்று பின்வரிசையில், மூன்று கட்டில் தள்ளி இருந்திருக்கிறது. அங்கே இப்போது வெறும் மண்தான்.

ஆறு வருஷமும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாரோடோ பேசியிருக்கிறார். அந்த ஐம்பத்து நான்கு பிழைத்து, நடந்தே வீடு போய்ச் சேர்ந்ததோ என்னவோ. அவருக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"இதானே பெரியவரே?" தச்சர் கடப்பாரையை நுழைத்தபடி கேட்டார்.

"இதான்."

சீட்டைச் சாவியால் சுரண்டி எடுத்த பிறகே பலகையை வெளியே கொண்டுவந்தார். மகள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"அம்மா இதுமேலதான் இருந்தாங்களாப்பா?"

"ஆமாம்மா."

அவள் பலகையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். விரலில் ஒட்டியிருந்த காகிதத் துணுக்கை அவர் சட்டையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார். அது போகவில்லை.