தண்ணீர் கொடுக்காதீர்கள்

மகள் மூன்றாவது முறையாக நீட்டிய டம்ளரையும் அம்மா கையால் ஒதுக்கினாள். தண்ணீர் தளும்பித் தரையில் சிந்தியது.

"நேத்திலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. நீயும் படுத்துட்டா யாரு பாக்குறது?" என்று அத்தை சத்தம் போட்டாள். அப்பாவின் அக்கா அவள். அழுவதையும் அதட்டுவதையும் ஒரே மூச்சில் செய்வாள்.

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அவரோடு லிஃப்ட் பழுது பார்த்தவர்கள் சுவரோரம் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். "ஊரையே மேல ஏத்தி இறக்கின மனுஷன்யா. எதிர்க்கடைக்குப் போயிட்டு வரத் தெரியலையே!" என்றார் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை. சொன்னவர்தான் முதலில் அழுதார்.

மகள் குனிந்து தரையைத் துடைத்தாள். அம்மா ஏன் தண்ணீரைத் தொடவில்லை என்று தனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தாள்.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுப்பது அவள் வேலை. நேற்றுக் காலை பல்பு வாங்கப் போன அப்பாவை வீட்டு வாசலிலேயே ஒரு வேன் இடித்தது. அம்மா அவசர எண்ணைக் கூப்பிடவில்லை, மகளின் கைபேசியைக் கூப்பிட்டாள். எட்டு வருடமாக 'என் பொண்ணுதான் ஆம்புலன்ஸ்' என்று தெருவெல்லாம் பெருமையடித்தவள் வேறு யாரைக் கூப்பிடுவாள்?

மகள் ஒரு கையால் வண்டியை அனுப்பிவிட்டு, யாருக்கும் சொல்வதைப் போலவே சொன்னாள். "தூக்காதீங்க. கழுத்தை அசைக்காதீங்க. தண்ணி கேட்டா குடுக்காதீங்க." பெற்றவளை 'நீங்க' என்றாள். ஒரு தடவைகூட 'அம்மா' என்று வாயில் வரவில்லை.

போனில் அப்பாவின் குரல் கேட்டது. "கொஞ்சம் தண்ணி குடேன்."

"குடுக்காதீங்க," என்று மறுபடியும் சொல்லிவிட்டு வைத்தாள்.

வண்டி பதினோரு நிமிடத்தில் போய்விட்டது. அவர் ஆபரேஷன் மேஜையில் போனார். தாகத்தோடு போனார், தடுத்தது இந்த வாய்தான். நேற்றிலிருந்து அவள் மனசில் வேறெதுவும் ஓடவில்லை. அம்மாவும் அதற்காகத்தான் தண்டிக்கிறாள். தண்டிக்கட்டும்.

துடைத்த துணியைப் பிழியச் சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே அம்மா வந்து கதவைச் சாத்தினாள்.

"ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லு."

மகள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நான் குடுத்துட்டேன்டி."

"என்னத்தை?"

"தண்ணியை. நீ போனை வெச்சதும். அவ்ளோ கெஞ்சினாரு, மனசு கேக்கல. அரை டம்ளர்தான். நீ படிச்சுப் படிச்சு சொல்லியும் குடுத்துட்டேன்." அம்மா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். "அதனாலதான் போயிட்டாரா?"

ஏன் கொடுக்கக் கூடாது என்பதற்கான காரணங்கள் மகளுக்கு மனப்பாடம். மருத்துவர் சொன்னதும் நினைவிருந்தது.

"இல்லம்மா. வயித்துக்குள்ள ரத்தம் நிக்கவே இல்லைன்னு டாக்டர் சொன்னாரு. தண்ணியால ஒண்ணும் ஆகல."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்ப ஏன் வேணாம்னே?"

"எல்லாருக்கும் அப்படித்தான்மா சொல்லணும்."

அம்மா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேல் அலமாரியில், சர்க்கரை நோய்க்காரரான அப்பாவின் கைக்கு எட்டாதபடி மகள் ஒளித்து வைத்த சர்க்கரை டப்பா இருந்தது. எட்டாது என்று அவள் மட்டும்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

"குடிச்சிட்டு ஏதாவது சொன்னாராம்மா?"

"அப்பாடான்னாரு." அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம், 'அவகிட்ட சொல்லிடாத, திட்டுவா'ன்னாரு."

மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சத்தம் வெளியே போகாமலிருக்க அம்மாவின் தோளில் முகத்தை அழுத்திக்கொண்டாள். அந்தத் தோள் நனைந்துகொண்டே போனது.

"சுடுகாட்டு வண்டி வந்தாச்சு! உள்ள என்ன பண்றீங்க?" என்று அத்தை கதவைத் தட்டினாள்.

மகள் ஒரு டம்ளரை அலம்பி, நிரப்பி நீட்டினாள். அம்மா நின்றபடியே மடமடவென்று குடித்தாள். காலி டம்ளரை மறுபடி நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் குடு."

மகள் குழாயைத் திறந்தாள்.