ராமேஸ்வரத்தில் மீன் கிடைக்கும்

ராமேஸ்வரத்தில் மீன் கிடைக்குமா என்று காகோலி கேட்டாள். ஜெயலக்ஷ்மி கொஞ்சமும் யோசிக்காமல், "தாராளமா கிடைக்கும்" என்றாள். அவள் ராமேஸ்வரத்தைப் பார்த்ததே இல்லை. மீனையோ, வீட்டுப் பக்கத்து டாக்குரியா பஜாரில் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகிற தூரத்தில்தான் பார்த்திருக்கிறாள். ஆனாலும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆறு பெண்களும் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார்கள். அவர்களுடைய ஜயா அக்கா, ஜயாதியே சொல்லிவிட்டாள், அப்புறம் என்ன.

காளி பூஜை முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பால்கனிகளில் சுற்றிய சீரியல் பல்புகளை இன்னும் யாரும் கழற்றவில்லை. அந்தக் கட்டடத்துப் பெண்கள் வருஷா வருஷம் குளிர்காலத்தில் கணவன்மார்களை வீட்டில் விட்டுவிட்டு எங்காவது போய் வருவார்கள். ஏற்பாடெல்லாம் கீழ்த்தளத்து சுக்லாதி, கூட்டமும் அவள் வீட்டில்தான். பூகோள டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், எல்லோருக்கும் அக்கா, ரயில் நேரம் முதல் அஜீரண மாத்திரை வரை அவள் சொன்னால் சொன்னதுதான். இந்த வருஷம் தென்னிந்தியா என்று அவள் அறிவித்ததும் கட்சி இரண்டாகப் பிரிந்தது. திருச்சி, தஞ்சாவூர், மதுரை என்று கோயில் கோயிலாகப் பார்க்க வேண்டும் என்பது சுக்லாதி கட்சி. மாடியில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் காகோலி, "நாள் பூரா கல்லையே பார்த்துட்டிருக்க நான் என்ன கொத்தனாரா? எனக்குக் கடல் வேணும், கடற்கரையில சாய்வு நாற்காலி வேணும்" என்றாள். பாதிக் கோயில் பாதிக் கடல் என்று பஞ்சாயத்து முடிந்தது. எந்தக் கடல் என்ற கேள்வி வந்தபோதுதான் எல்லோரும் ஜெயலக்ஷ்மியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ராமேஸ்வரம் என்று சொன்னாள்.

ஏன் ராமேஸ்வரம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளால் பதில் சொல்லியிருக்க முடியாது. கல்யாணமான புதிதில் மாமியாரோடு புரிக்குப் போயிருந்தாள். ஜகந்நாதர் தரிசனம் ஆயிற்று. கடற்கரைக்கும் போனார்கள். அமாவாசை, பௌர்ணமி மாதிரி பர்வ தினம் இல்லாமல் சமுத்திரத்தைத் தொடக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டாள். அமாவாசைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது, ரயிலோ மறுநாள். வங்காளிக் குடும்பங்கள் கிழவர் முதல் குழந்தைவரை அலையில் விழுந்து புரண்டு கத்திக்கொண்டிருக்க, இவள் எல்லோருடைய செருப்புகளுக்கும் காவலாக ஈர மணலுக்கு இப்பாலேயே நின்றாள். மாமியாரின் மேல் அவளுக்குக் கோபம் இல்லை, அந்த அம்மாளும் தொடவில்லைதானே. ஆனால் அலை காலுக்கடியில் மணலை இழுத்துக்கொண்டு போகும் என்று காகோலி ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஜெயலக்ஷ்மிக்கு உள்ளங்கால் குறுகுறுக்கும். ராமேஸ்வரத்தில் மட்டும் நாள் பார்க்க வேண்டாம், சேதுவில் என்றைக்கு வேண்டுமானாலும் இறங்கலாம் என்று அதே மாமியார்தான் எப்போதோ சொல்லியிருந்தாள். ஜெயலக்ஷ்மிக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. கடலில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

சங்கடம் என்னவென்றால், அவளை அந்த ஊர்க்காரி என்று நினைத்துக்கொண்டு இவர்கள் கூட்டிப்போகிறார்கள். அவள் பிறந்ததே வங்காளத்தில்தான், லேக் கார்டன்ஸில் ஒரு வாடகை வீட்டில். கிட்டத்தில் இருக்கிறது என்பதற்காக அப்பா வங்காளிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். தமிழ் அவளுக்கு வாயோடு சரி, கண்ணுக்கு வராது. பாசுரங்களைக்கூட வங்காள எழுத்தில் எழுதிவைத்துத்தான் சொல்லுவாள். தமிழ்நாட்டில் அவள் பார்த்தது புக்ககத்துத் திருவள்ளூரும், சென்னையில் பத்துப் பதினைந்து கல்யாண மண்டபங்களும். மெரினாவை ஒருமுறை ஆட்டோவிலிருந்து பார்த்திருக்கிறாள், முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டதால் ஆட்டோ நிற்கவில்லை. இதையெல்லாம் சுக்லாதியிடம் முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பது வருஷமாக மதராஸி என்று யாராவது சொன்னால், "மதராஸின்னு ஒரு ஜாதி கிடையாது, நாங்க தமிழ்" என்று திருத்திக்கொண்டே வந்தவள் எந்த வாயால் சொல்வாள்?

வீட்டிலும் விஷயம் அந்த நூலில்தான் தொங்கியது. கணவர் வீரராகவன் பேங்கில் வேலை கிடைத்துத் திருவள்ளூரிலிருந்து வந்தவர், ரிட்டையர் ஆகி ஏழெட்டு வருஷமாகிறது. மாமி ஒருத்தி பெண்கள் கூட்டத்தோடு ஊர் சுற்றப்போவது என்பதே அந்த வீட்டில் கேட்டறியாத சங்கதி. பயந்துகொண்டேதான் சொன்னாள். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "பாவம், பாஷை தெரியாத ஜனங்கள். நீ போனா அவாளுக்கு ஒத்தாசையா இருக்கும். போயிட்டு வா" என்றார். படிக்க வராதே என்று அவளே இழுத்தபோது, "வாயுள்ள பிள்ளை பிழைக்கும், போ" என்று சிரித்தார். ஏரிக்கரையில் காலை நடைக்கு வரும் சிநேகிதர்களிடமெல்லாம், எங்காத்துலதான் லீடர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஜெயலக்ஷ்மிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எந்தக் காரணத்துக்காக அனுப்பினால் என்ன, அனுப்புகிறார் அல்லவா.

மீன் விஷயம் முடிந்ததும் சுக்லாதி போனை எடுத்து நீட்டினாள். ராமேஸ்வரத்தில் கடலைப் பார்த்தாற்போல ஒரு விடுதியைக் கண்டுபிடித்திருந்தாள். போன் அடித்தால் எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு ஒரு தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். கையால் எழுதிய தமிழ். "இந்தப் போன் மொழிபெயர்க்கிறேன்னு உயிரை வாங்குது. அப்பா சோற்று உருண்டை, எள்ளுத் தண்ணீர் வசதி உண்டுங்குது. நீயே பாரு ஜயா. சாயங்காலம் முன்பணம் அனுப்பணும்."

ஜெயலக்ஷ்மி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். வட்டம் வட்டமாக, கொம்பு கொம்பாக ஏதோ இருந்தது. ஆறு பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். "நல்ல இடம்தான்" என்றாள். "சாப்பாடு அவங்களே போடுவாங்களாம். சுத்தம் ரொம்ப முக்கியம்னு எழுதியிருக்கு." சுக்லாதி திருப்தியாகத் தலையாட்டினாள். ஜெயலக்ஷ்மி அந்தத் தாளைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு மாடியேறினாள்.

வீரராகவன் போனைத் தூரத்தில் பிடித்து முதலில் மனசுக்குள் படித்தார். பிறகு உரக்கப் படித்தார். "'இங்கு தங்குவோர் தில ஹோமம், பிண்ட தானம், தீர்த்த ஸ்ராத்தம் இவற்றில் ஏதேனும் ஒன்று செய்பவராக இருத்தல் வேண்டும். வெங்காயம், பூண்டு, மாமிசம் அறவே கூடாது. சாஸ்திரிகளை விடுதியே ஏற்பாடு செய்யும்.'" அதற்குமேல் அவரால் முடியவில்லை. சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "ஏண்டி, ஓய்வெடுக்கப் போறவாளுக்கெல்லாம் சேர்த்துத் திவசத்துக்கு ரூம் போட்டிருக்கியே!"

ஜெயலக்ஷ்மிக்கும் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. "இப்ப என்ன பண்றது?" என்று கேட்டாள்.

"என்ன பண்றது? நேரா போய்ச் சொல்லிடு, நேக்குப் படிக்க வராது, ஊரும் தெரியாதுன்னு. ஒரு கைடை வச்சுண்டு போகட்டும். நோக்கும் அலைச்சல் மிச்சம்."

அவர் நல்லவிதமாகத்தான் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு டிவி ரிமோட்டைத் தேடத் தொடங்கிவிட்டார். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. கைடு இருந்தால் இவள் வேண்டாம், இவள் வேண்டாமென்றால் இவள் எதற்குப் போக வேண்டும்? இவ்வளவு நாள் தன்னை அனுப்புகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் அனுப்பியது அந்த ஆறு பேருக்கு ஒரு பாஷையை. பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தாள். ராமேஸ்வரத்தில் போய் இறங்கி, வாத்தியார் எள்ளோடு வந்து நிற்கும்போது காகோலி மீன் கேட்பதை நினைத்துப் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள்.

சுக்லாதியும் காகோலியும்தான் இருந்தார்கள், பொரியில் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உட்காரச் சொன்னதைக் கேட்காமல் நின்றபடியே சொல்லி முடித்தாள். படிக்கத் தெரியாது. அது திவசம் பண்ணுகிறவர்கள் தங்கும் விடுதி. ராமேஸ்வரம் போனதில்லை, மதுரை போனதில்லை, தஞ்சாவூர் போனதில்லை.

"அப்ப மீன்?" என்றாள் காகோலி.

"அதுவும் தெரியாது."

காகோலி பொரி புரையேறச் சிரித்தாள். சுக்லாதி சிரிக்கவில்லை. "முப்பது வருஷமா மதராஸின்னா சண்டைக்கு வருவே. சாம்பார்ல சர்க்கரை போட்டதுக்கு என் மருமகளுக்கு வகுப்பெடுத்தே. உன் எழுத்தே உனக்குத் தெரியாதா? நல்லவேளை, பணம் இன்னும் அனுப்பலே."

ஜெயலக்ஷ்மி அவமானத்தில் காது சுட நின்றாள். வகுப்பில் பெஞ்சுமேல் ஏற்றிவிட்டது போல இருந்தது. சுக்லாதி தன் பழைய தேசப்படத்தை இழுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கரையோரமாகப் பென்சிலை ஓட்டினாள். "ராமேஸ்வரத்துல கோயிலைப் பார்த்துட்டு அன்னிக்கே கிளம்பிடலாம். கன்யாகுமரி, அங்கேயிருந்து கோவளம். கடல் அங்கே. கூட்டிப்போக ஒரு ஆளைப் போட்டுக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தாள். "நீ வர்றியா இல்லையா? ராத்திரி டிக்கெட் போடணும்."

ஜெயலக்ஷ்மிக்கு முதலில் புரியவில்லை. "கைடு வரானே" என்றாள்.

"வரான். அவனா வந்து காகோலியோட குறட்டையைக் கேட்டுட்டு என் பக்கத்துல படுத்துக்கப் போறான்? நம்ம மூணு பேருக்கு ஒரு ரூம், மத்தவங்க ரெண்டு ரெண்டு பேரா. வர்றியா, இல்லே நம்மகூட வர்ற மிதாலியோட தங்கச்சியைக் கேட்கவா?"

"வரேன்" என்றாள் ஜெயலக்ஷ்மி. யோசிக்காமல் சொல்லிவிட்டாள். அந்த அவசரம் அவளுக்கே வெட்கமாக இருந்தது. படியேறும்போதுதான் மேலே இன்னொருவரிடமும் இதைச் சொல்லியாக வேண்டும் என்பது உறைத்தது. வழியில் இருந்த ஜன்னலருகே நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். கீழே டாக்குரியா ஸ்டேஷனுக்குள் உள்ளூர் ரயில் ஒன்று நுழைந்துகொண்டிருந்தது, கதவோரம் ஜனங்கள் தொங்கிக்கொண்டு வந்தார்கள்.

டிவியில் செய்தி ஓடியது. "சொல்லிட்டியா?" என்றார் வீரராகவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சொல்லிட்டேன். கைடு வச்சுக்கறா."

"அப்பாடா. நல்லதாப் போச்சு."

"நானும் போறேன்."

அவர் சத்தத்தைக் குறைத்தார். "கைடுதான் இருக்கானே. அவாளுக்கு நீ எதுக்கு?"

"அவாளுக்கு நான் வேண்டாம்தான். எனக்குத்தான் போகணும்."

அவர் திரும்பிப் பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது. சாதத்தில் கல் கடித்தவர் அது கல்தானா என்று நாக்கால் தடவிப் பார்ப்பது போல இருந்தது அவர் முகம்.

"என்னமோ ராமேஸ்வரம், சேதுன்னே. க்ஷேத்ரமாச்சேன்னு நானும்..."

"ராமேஸ்வரத்துல தங்கலே. கோவளத்துல தங்கறோம்."

"கோவளத்துல நாள் கிழமை இல்லாம சமுத்திரத்தைத் தொடப்படாது, தெரியுமோல்லியோ?"

"தெரியும்."

"அப்புறம் அங்க போய் என்ன பண்ணுவே?"

"தொடுவேன்" என்றாள் ஜெயலக்ஷ்மி. முழங்கால் வரைக்கும் இறங்குவேன் என்றும் சொல்லியிருப்பாள், வாய் வரவில்லை.

வீரராகவன் டிவியை அணைத்தார். ரிமோட்டை மேஜைமேல் நேராக வைத்தார், பிறகு அதைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். "எத்தனை நாள்?" என்று கேட்டார். பன்னிரண்டு நாள் என்றாள். அவர் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். காபி குடிக்கும் வேளையாகிவிட்டது என்று பொதுவாகச் சொன்னார். ஜெயலக்ஷ்மியின் கால்கள் பழக்கத்தில் எழுந்துகொள்ளப் பார்த்தன. அவள் எழுந்திருக்கவில்லை. சிறிது நேரம் காத்திருந்துவிட்டு அவரே எழுந்து சமையலறைக்குப் போனார்.

விளக்கைப் போட இரண்டு ஸ்விட்சைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. ஒரு டப்பா திறந்தது, மூடியது. இன்னொன்று திறந்தது. ஏதோ ஒரு மூடி கீழே விழுந்து தரையில் வெகுநேரம் சுழன்று அடங்கியது. காபிப் பொடி மேல்தட்டில், பெருங்காயத்துக்குப் பின்னால் இருந்தது. ஜெயலக்ஷ்மி நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, அடுத்த டப்பா திறக்கும் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள்.